வேலைக்குப் போய்க்கொண்டே இணையவழியில் படிப்பதால் உண்மையில் பயன் உண்டா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகில் உள்ள ஒரு தனியார் நவீன அரிசி ஆலையில் நான் பதினொரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். வயது 36. தமிழ்வழியில் பி.காம். முடித்த கையோடு திருமணம் ஆகிவிட்டது. அதன்பின் நான் புத்தகத்தைத் தொட்டதெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதற்காகத்தான். காலை ஒன்பது மணிக்கு ஆலைக்குள் நுழைந்தால் மாலை ஏழு மணிக்கு வெளியே வருவேன். குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பா நெல் வந்து குவியும் தை, மாசியிலும் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். அந்த நாட்களில் எடைச்சீட்டுகளைப் பதிந்து முடித்து வீடு திரும்ப இரவு பத்து மணியாகிவிடும்.

இத்தனை ஆண்டுகள் கழித்து மீண்டும் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி முதல், பையில் அடைத்து விவரச்சீட்டு ஒட்டி விற்கப்படும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 விழுக்காடு ஜிஎஸ்டி என்றானது. அந்த வரி படாமலிருக்க எங்கள் ஆலையில் 25 கிலோ சிப்பத்தை 26 கிலோவாக மாற்றினார்கள். பட்டியலில் 25 என்று இருந்த இடத்தில் நான் 26 என்று தட்டச்சு செய்தேன். அந்த மாற்றத்தில் என் பங்கு அவ்வளவுதான். எந்தச் சிப்பத்துக்கு வரி, எதற்கு இல்லை, ஏன் இல்லை என்று கடைக்காரர்கள் தொலைபேசியில் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் தணிக்கையாளரின் அலுவலகத்தில் இருக்கும், என்னைவிடப் பத்து வயது இளைய பெண் ஒருத்தி இரண்டே வாக்கியத்தில் அதை விளக்கினாள். நான் நாள் முழுவதும் எழுதும் எண்கள் என்ன சொல்கின்றன என்பதே எனக்குத் தெரியவில்லை என்று அன்று உறைத்தது. அந்த எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

தஞ்சாவூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். வாரத்தில் மூன்று நாட்கள், மாலை ஆறு முதல் எட்டு வரை வகுப்பு என்றார்கள். ஆலை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அங்கே பாதி வகுப்பு முடிந்திருக்கும். ஆகவே எனக்கு இணையவழி ஒன்றுதான் வழி. ஆனால் அதைப் பற்றி நான் காண்பதெல்லாம் விளம்பரமாக இருக்கிறது. வேலையில் இருந்தபடியே படித்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். எதிரில் ஆசிரியர் இல்லாமல் உண்மையில் மனத்தில் பதிகிறதா? என்னைப் போல ஆங்கிலம் தடுமாறுபவர்களால் தொடர முடியுமா? அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா, அல்லது நேராக இணையவழி எம்.காம்.தான் சேர வேண்டுமா? உங்கள் அனுபவத்தில் பயன் என்ன என்று எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குத்தாலம் ரயிலடி:

வணக்கம் சகோதரி. மின்னியலில் டிப்ளமோ படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். தினமும் குத்தாலத்திலிருந்து ரயிலில் போய்வருகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், பதியும் என்பதுதான். ஆனால் எனக்கு அது முதல் முறையிலேயே நடக்கவில்லை. அதை மறைக்காமல் சொன்னால்தான் உங்களுக்கு உதவும்.

2019இல் ஆர்வக் கோளாறில் ஒரே நேரத்தில் மூன்று பாடங்களில் சேர்ந்தேன். எல்லாம் இலவசம். மூன்றாவது வாரத்தில் வேலை அதிகமானது, ஐந்தாவது வாரத்தில் எல்லாம் நின்றுபோனது. என் சோம்பல்தான் காரணம் என்று நொந்துகொண்டேன். பிறகுதான் இது உலகெங்கும் உள்ள சிக்கல் என்று தெரிந்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் 2012இல் தொடங்கிய எட்எக்ஸ் தளத்தின் பாடங்களை ஆராய்ந்து 2019இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை ஒன்று, 2017-18இல் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்று விழுக்காட்டினரே நிறைவு செய்தார்கள் என்று காட்டியது. கட்டணமும் இல்லை, தேர்வும் இல்லை, கேட்பாரும் இல்லை என்றால் பெரும்பாலோர் நடுவழியில் நின்றுவிடுகிறோம்.

அடுத்த முறை ஒரே ஒரு பாடம் எடுத்தேன், தேர்வுக்கும் பணம் கட்டினேன். என்பிடெல் என்பது ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம். இன்று அதன் பாடங்கள் நடுவண் அரசின் ஸ்வயம் தளம் வழியாகவும் கிடைக்கின்றன. நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரங்கள் என்று பாடங்கள் இருக்கும். படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுபவர் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். நான் கட்டியது 1,000 ரூபாய். வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு, அதற்கு 25 மதிப்பெண். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். கட்டிய ஆயிரம் ரூபாயும் நாட்காட்டியில் வட்டமிட்ட தேர்வு நாளும் என்னைப் பன்னிரண்டு வாரம் இழுத்துச் சென்றன. திருச்சியில் தேர்வு எழுதினேன். கல்லூரி மாணவர்கள் நிறைந்த அறையில் தலை நரைத்தவன் நான் ஒருவன்தான் என்று கூசிக்கொண்டே உள்ளே போனேன். அங்கே என்னைவிட மூத்தவர் இருவர் அமர்ந்திருந்தார்கள்.

நேரத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முந்தைய இரவு வீட்டில் விரிவுரையைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வேன். குத்தாலத்தில் ஏறியதும் காதொலிப்பானை மாட்டினால் கும்பகோணம் வருவதற்குள் ஒரு விரிவுரை முடியும்; பாபநாசம் தாண்டும்போது அதே விரிவுரையில் புரியாத பகுதியை மறுபடி ஓட்டுவேன். ஒரு கருத்தை ஏழெட்டு முறை திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதினெட்டு வயதில் வகுப்பறையில் இரண்டாம் முறை கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். நாற்பது வயதில், என் முன்னே இருக்கும் பேராசிரியரை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, எனக்குப் புரியும்வரை பேச வைக்க முடிகிறது. இதை நான் சிறிய பயனாக நினைக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பயன் வேறொன்று. பாடத்தில் திறன்காரணி பற்றி வந்தது. இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலையாகிறது என்று காட்டும் எண் அது. பவர் பேக்டர் என்று டிப்ளமோவிலேயே படித்தேன், சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன், மறந்தேன். இம்முறை அதைக் கேட்ட மறுநாள் மருத்துவமனையின் மின்கட்டண ரசீதை எடுத்துப் பார்த்தேன். உயர் மின்னழுத்த இணைப்பு உள்ளவர்களுக்குத் திறன்காரணி 0.90க்குக் கீழே போனால் கூடுதல் தொகை சேரும். எங்கள் ரசீதில் அந்தத் தொகை பல மாதங்களாக ஏறிக்கொண்டே இருந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. கீழே போய், திறன்காரணி குறையாமல் பார்த்துக்கொள்ளும் மின்தேக்கிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மின்னோட்டம் அளந்தபோது இரண்டு மின்தேக்கிகள் செத்துப்போயிருந்தன. மாற்றினோம். அடுத்தடுத்த ரசீதுகளில் அந்தத் தொகை இல்லை. கல்லூரி மாணவனுக்குப் பாடம் ஏட்டில் இருக்கிறது. இயந்திரத்தை அவன் பிறகுதான் பார்ப்பான். வேலையில் இருப்பவருக்கு இயந்திரம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இரவு கேட்டதைக் காலையில் தொட்டுப் பார்த்துவிடலாம். உங்களுக்கு அந்த இயந்திரம் உங்கள் பேரேடு.

ஓய்வுபெற்ற ஆசிரியை, வேதாரண்யம் பக்கம்:

அன்புள்ள மகளுக்கு, உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. வயதில் மூத்தவள் என்பதால் உரிமையோடு எழுதுகிறேன்.

இடைநிலை ஆசிரியையாக வேலையில் சேர்ந்த பிறகு, எண்பதுகளில் நான் அஞ்சல்வழியில் பட்டம் படித்தேன். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியை 1979இல் தொடங்கியது. டெல்டாவில் என் தலைமுறை ஆசிரியர், எழுத்தர், அஞ்சல் ஊழியர் பலருக்கு அஞ்சல்வழிக் கல்விதான் பட்டத்துக்கான வழி. பாடப் புத்தகங்கள் கட்டாக வரும். கோடை விடுமுறையில் தொடர்பு வகுப்பு நடக்கும். இடையில் ஓர் ஐயம் எழுந்தால் அதைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு அந்த வகுப்பு வரும்வரை காத்திருப்பேன். தை மாதத்தில் எழுந்த ஐயத்துக்குச் சித்திரையில் விடை கிடைக்கும். இன்று நீ எழுதிப் போடும் ஐயத்துக்குப் பாடத்தின் கலந்துரையாடல் பக்கத்தில் சில நாட்களிலேயே யாராவது பதில் எழுதிவிடுகிறார்கள் என்று என் மருமகள் காட்டினாள். அந்த இடைவெளி குறைந்ததுதான் என் கண்ணுக்கு இணையவழிக் கல்வியின் முதன்மையான பயன். ஐயம் சூடாக இருக்கும்போதே தீர்ந்தால்தான் அடுத்த பாடத்துக்கு மனம் நகரும். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பில் நின்றவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

குத்தாலத்துத் தம்பி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். ரயிலில் கேட்பது முதல் வாசிப்புக்குச் சரி. அதோடு நிறுத்தினால் புரிந்ததுபோல ஒரு மயக்கம் மட்டும் எஞ்சும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை 1885இலேயே எழுதி வெளியிட்டார். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட நாட்களை இடைவெளி விட்டுப் பிரித்துப் படிப்பது நன்றாக நிற்கும் என்பதும் அவர் கண்டதுதான். வேலைக்குப் போகிறவளுக்கு ஒரே நாளில் நான்கு மணி நேரம் கிடைக்காது, தினம் அரைமணி நேரம்தான் கிடைக்கும் என்று நீ வருந்தலாம். அந்த அரைமணி நேரப் படிப்பு நினைவாற்றலின் இயல்புக்குப் பொருந்தி வருகிறது, வருந்தாதே. ஆனால் அந்த அரைமணியில் பத்து நிமிடமாவது திரையை மூடிவிட்டு, கேட்டதைப் பார்க்காமல் ஒரு நோட்டில் உன் சொந்தத் தமிழில் எழுத வேண்டும். எழுத வராத இடம்தான் உனக்குப் புரியாத இடம். மறுநாள் அங்கிருந்து தொடங்கு.

ஆங்கிலத்தைப் பற்றி நீ அஞ்சுவது எனக்குப் புரிகிறது. நீ தமிழ்வழியில் பற்று, வரவு, பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு என்று படித்தவள். கருத்து உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு இன்னொரு பெயரைக் கற்றுக்கொள்கிறாய், அவ்வளவே. முதல் இரண்டு வாரங்களுக்கு விரிவுரையின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, எழுத்துவடிவத்தைத் திரையில் ஓடவிட்டுக் கேள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் எதிரெதிரே எழுதி வா. என்பிடெல் பாடங்கள் பலவற்றின் விரிவுரைகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு அதன் தளத்திலேயே கிடைக்கின்றன. நீ எடுக்கும் பாடத்துக்கு இருக்கிறதா என்று முதலில் பார்.

இன்னொன்று, வீட்டாரைப் பற்றியது. நான் படித்த காலத்தில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை என் மேசைக்கு யாரும் வரக்கூடாது என்று என் மாமியாரே பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்தை அவர் காத்துத் தந்திராவிட்டால் நான் பட்டம் வாங்கியிருக்க மாட்டேன். நிகழ்நேர வகுப்பு இல்லை, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்பது இணையவழியின் வசதி. அதனாலேயே வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் "அப்புறம் பார்த்துக்கொள்ளேன்" என்று உன்னை எழுப்புவார்கள். ஆகவே முதல் வாரத்திலேயே கணவரிடமும் பிள்ளைகளிடமும் நேரத்தைச் சொல்லிவிடு.

குடந்தைக் கணக்கர்:

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் இருக்கிறேன். அரிசி ஆலைக் கணக்குகள் எங்களிடம் நிறைய வருகின்றன. சான்றிதழின் மதிப்பு பற்றிய கேள்விக்கு மட்டும் நான் விரிவாக எழுதுகிறேன்.

பாடச் சான்றிதழ் வேறு, பட்டம் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டத்தைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் திறந்தநிலை, தொலைநிலை மற்றும் இணையவழிப் படிப்புகளுக்கான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அனுமதி பெற்ற உயர்கல்வி நிறுவனம் அனுமதி பெற்ற படிப்பை இணையவழியில் நடத்தி வழங்கும் பட்டம், நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையானது. இதில் "அனுமதி பெற்ற" என்ற சொல்லை இரண்டு முறை படிக்கச் சொல்வேன். நிறுவனத்துக்கு ஒரு படிப்பில் அனுமதி இருந்து இன்னொன்றில் இல்லாமல் இருக்கலாம், சென்ற ஆண்டு இருந்து இவ்வாண்டு இல்லாமலும் போகலாம். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தக் கல்வியாண்டுக்கான பட்டியலை நீங்களே பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். 2024 முதல் இத்தகைய படிப்பில் சேர்பவர் அந்தத் தளத்தில் தம் பெயரில் ஒரு டெப் (அந்தப் பிரிவின் ஆங்கிலச் சுருக்கம்) அடையாள எண்ணையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அரசு வேலை எண்ணம் இருந்தால், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை தமிழ்நாட்டில் முக்கியம். உங்களுக்கு அது முறையாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். ஆறு மாதத்தில் கணக்கியல் மென்பொருள், வரிச் சட்டம் எல்லாம் கற்றுத்தந்து வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். இன்று சேர்ந்தால் பாதிக் கட்டணம், நாளை முழுக் கட்டணம் என்று அவசரப்படுத்தினார்கள். மாதத் தவணை என்று சொன்னது உண்மையில் என் பெயரில் எடுக்கப்பட்ட கடன் என்பது, பாடம் பிடிக்காமல் விலகியபோதுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பு நின்றுவிட்டது, வங்கிக் கணக்கிலிருந்து தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கணக்கு எழுதிப் பிழைக்கும் நான் அந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்ற வருத்தம் பணம் போனதைவிட அதிகம். யாராவது தொலைபேசியில் அவசரப்படுத்தினால் சேராதீர்கள். தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியைக் கொடுப்பதற்கு முன், யார் கடன் கொடுக்கிறார்கள், விலகினால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். சிக்கல் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களோடு கிளை உரிம (பிரான்சைஸ்) முறையில் கூட்டுச் சேர்ந்து இணையவழிப் பட்டப் படிப்புகளை நடத்தக்கூடாது என்று மானியக் குழுவே 2022 ஜனவரியில் பல்கலைக்கழகங்களை எச்சரித்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அப்படியானால் இணையவழி வேண்டாமா என்றால், வேண்டும் என்றுதான் சொல்வேன். அதன் பிறகு நான் படித்ததெல்லாம் இணையவழிதான், பெரும்பாலும் இலவசமாக. எம்.காம். இரண்டு ஆண்டு ஈடுபாடு கேட்கும். பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அதிலிருந்து தொடங்காதீர்கள். ஸ்வயத்தில் நிதிக் கணக்கியல் பாடங்கள் இருக்கின்றன, ஒன்றை எடுங்கள். உங்கள் தொழிலின் பருவத்தையும் பாருங்கள். ஜூலையில் தொடங்கும் எட்டு வாரப் பாடத்தின் விரிவுரைகள் புரட்டாசி நெல் வந்து இறங்குவதற்குள் முடிந்துவிடும். ஜனவரியில் தொடங்குவதை எடுத்தால் முதல் வாரங்களே சம்பா வரத்தோடு மோதும். மாதத்துக்குள்ளும் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று வரிப் படிவங்களைத் தாக்கல் செய்ய நமக்குக் கெடு நாட்கள் உண்டு. அந்த நாட்களில் விரிவுரை பார்க்கத் திட்டமிடாமல், முந்தைய ஞாயிறே அந்த வார ஒப்படைப்பை முடித்துவிடுங்கள்.

ஜூலை வரை சும்மா இருக்கவும் வேண்டாம். எக்செல்லில் நீண்ட பட்டியலை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் என்ற ஒன்றை மட்டும் இணையத்தில் தேடிக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு மாலைகள் போதும். அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலைகளுக்கு நூறு கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ என்று அளவு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆலையில் ஒவ்வொரு வரத்துக்கும் எவ்வளவு அரிசி கண்டது என்று ரகவாரியாகப் பிரித்துப் பாருங்கள். எண்கள் என்ன சொல்கின்றன என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அங்கே அவை பேசும்.

நாகை செவிலி:

அக்கா, சுருக்கமாக எழுதுகிறேன், இரவுப் பணிக்குக் கிளம்ப வேண்டும். சுழற்சி முறையில் வேலை செய்கிறவர்களுக்கு நேரடி வகுப்பு என்பது அறவே இயலாது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்றிருக்கும்போது எந்த ஆசிரியர் எங்களுக்காக நேரத்தை மாற்றுவார்? எனக்கு இணையவழிதான் கைகொடுத்தது. ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் படிக்க முடியாது. செவிலியம், மருத்துவம், பொறியியல், சட்டம் போன்றவற்றில் இணையவழிப் பட்டத்துக்கு அனுமதி கிடையாது. ஊசி போடுவதைத் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது என்பதால் அது சரியான விதி என்றே நினைக்கிறேன். நான் படித்தது மருத்துவமனை நிர்வாகம் தொடர்பான பாடம்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து படித்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு குழு, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள் அவரவர் எழுதிய குறிப்பின் படத்தை அனுப்ப வேண்டும் என்ற ஒரே விதி. நான் நிறுத்திவிட நினைத்த வாரத்தில் தோழி தன் பக்கத்தை அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து உட்கார்ந்து எழுதினேன். உங்கள் தணிக்கையாளர் அலுவலகத்துப் பெண்ணையே துணைக்கு அழைத்துப் பாருங்கள் அக்கா.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

ஐயா, அம்மா, அண்ணன், தங்கை அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். குறுவை நடவு நடக்கும் நேரம் என்பதால் ஆலையில் வேலை சற்றுக் குறைவு. மாலை ஆறுக்கே வீடு திரும்ப முடிகிறது.

ஜூலையில் தொடங்கும் கணக்கியல் பாடத்தில் சேர்வதென்று முடிவு செய்துவிட்டேன், தேர்வுக்கும் பணம் கட்டப்போகிறேன். எம்.காம். பற்றி அதற்குப் பிறகுதான் நினைப்பேன். இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை என் நேரம் என்று வீட்டில் சொல்லியாயிற்று. சின்னவன் அந்த நேரத்தில் பக்கத்தில் அமர்ந்து வாய்ப்பாடு எழுதுகிறான், அதை மட்டும் அனுமதித்திருக்கிறேன். தணிக்கையாளர் அலுவலகத்துப் பெண்ணிடம் கேட்கத் தயங்கினேன், இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கேட்டேன். அவளும் சேர்கிறாள்.

கும்பகோணத்து ஐயா சொன்ன பிவட் டேபிளைக் கற்றேன். இரண்டு மாலை என்றீர்கள், எனக்கு ஐந்து மாலைகள் ஆயின. சென்ற தை, மாசி வரத்து முழுவதையும் ரகம், ஊர், ஈரப்பதம், கண்ட அரிசி என்று பிரித்தேன். ஒரே ஊரிலிருந்து ஒரே ரகமாக, ஒரு வார இடைவெளியில் வந்த இரண்டு வரத்துகளில், ஒன்றில் நூறு கிலோவுக்கு 66 கிலோவும் மற்றொன்றில் 63 கிலோவும் கண்டிருந்தது. எடைச்சீட்டில் இரண்டுக்கும் ஈரப்பதம் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு எங்கே போயின மூன்று கிலோ? மறுநாள் காலை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நெல் அவிக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சம்பளக் கணக்குக்காகத் தவிர நான் அவரிடம் பேசியதில்லை. தேதியைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "அந்த வாரம் மூணு நாளா மழைம்மா. களத்துல காயப் போட முடியல. அவசரத்துக்கு உலர்த்தி எந்திரத்துல சூட்டைக் கூட்டி வெச்சாங்க. அரைக்கிறப்போ நொறுங்கி குருணையாப் போச்சு" என்றார். குருணைக் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்த்தேன், அந்த வாரத்தில் அது கூடித்தான் இருக்கிறது. முதலாளியிடம் தாளைக் காட்டினேன். வரப்போகும் குறுவையிலிருந்து ஒவ்வொரு வரத்துக்கும் உலர்த்திய முறையையும் ஒரு கட்டத்தில் பதியச் சொல்லியிருக்கிறார்.

குத்தாலத்து அண்ணனிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. என் பட்டச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்தும், ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்தும் இருக்கின்றன. தேர்வுக்குப் பதியும்போது எதை எழுதுவது?

குத்தாலம் ரயிலடி:

தேர்வு மையத்துக்கு எந்த அடையாள அட்டையைக் கொண்டு போகப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே எழுதுங்கள் சகோதரி, வாசலில் அதைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பதிவில் கொடுக்கும் பெயரே சான்றிதழிலும் அச்சாகும் என்பதால் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அசல் அட்டையையே எடுத்துச் செல்லுங்கள். திருச்சி மையம் கிடைத்தால் முதல் நாளே சொல்லுங்கள், எந்த ரயிலில் வந்தால் நேரத்துக்குச் சேரலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.